மாசிப் பௌர்ணமியில் ஒரு காட்டுக் கமிட்டி

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "சொந்த ஊர் எதும்மா?" என்பதுதான். ஈப்போ என்றேன். "அது தெரியுது. சொந்த ஊர்?" என்றார் மறுபடியும். தாம்பரத்தில் இருந்த அத்தனை நாளும் டாக்சிக்காரர், லாட்ஜ் மேனேஜர், பூக்காரம்மா என்று ஆளாளுக்கு இதையே கேட்டார்கள். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலேசியாதான் சொந்த ஊர் என்பதை ஒருத்தராவது ஒப்புக்கொண்டால்தானே!

ஈப்போ கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்வது என் பிழைப்பு. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தையை விழுங்கவும் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடக் கொடிய வேலை கிடையாது. ஆனாலும் இத்தனை வருடமாக அந்த விதியை மீறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தியாவுக்கு வந்ததும் அந்த வேலைக்காகத்தான். லார்ஸ் என்று ஒரு காட்டு நிபுணர், நார்வேக்காரர், எங்கள் நாட்டுப் பழங்குடிகளான அஸ்லி மக்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு ஈப்போ வந்தபோது பழக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் காடுகளில் ஒரு புதுத் திட்டம், அதற்கு ஆலோசனை சொல்ல அவரை அழைத்திருக்கிறார்கள், தமிழுக்கு நீ வா என்றார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லை எல்லா நாட்டு அலுவலகங்களும் புதுப் பெயின்ட் மாதிரி சுவரில் பூசிக்கொண்டிருந்த காலம். இனி காட்டை அதிகாரிகள் மட்டும் நிர்வகிக்க மாட்டார்கள், காட்டோரம் இருக்கும் மக்களும் சேர்ந்து நிர்வகிப்பார்கள் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று நானும் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் சாயங்காலம் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஜீப்பின் டிரைவர் காதர், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாய் கடைக்கு அழைத்துப் போனார். அவர் எப்போதும் வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார், என்னை அறிமுகமான நிமிடத்திலிருந்தே 'யக்கா' ஆக்கிவிட்டார். பரோட்டாவும் சால்னாவும் வந்தன. எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும், பருப்புக் குழம்பில் தோய்த்து நாசூக்காகச் சாப்பிடலாம். இங்கே பரோட்டாவை இலையில் போட்டு இரண்டு கையாலும் அடித்துப் பிய்த்து, அதன் தலையில் சால்னாவை ஊற்றுகிறார்கள். சண்டை போட்டுச் சாப்பிட்ட திருப்தி கிடைத்தது. லார்ஸுக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, இருந்தும் இரண்டாவது பரோட்டாவைக் கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே தன் ஊரைப் பற்றிச் சொன்னார். கோடை முடியும்போது அவரும் மனைவியும் ஆளுக்கொரு வாளியோடு காட்டுக்குள் போவார்களாம். காட்டுப் பழமும் காளானும் நிறையப் பறித்துக்கொண்டு வருவார்களாம். "யாருடைய காடு?" என்று கேட்டேன். யாருடையதாகவும் இருக்கலாம், காட்டில் நடக்கவும் பழம் பறிக்கவும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உரிமை உண்டு, அது காலம் காலமாக வரும் பழக்கம் என்றார். இதைக் காதருக்குத் தமிழில் சொன்னேன். "இங்க போய் ஒரு களாக்காய் பறிச்சிப் பாக்கச் சொல்லு யக்கா. அப்பால தெரியும் சேதி" என்றார் அவர். அதையும் லார்ஸுக்குச் சொன்னேன். சிரித்தார்.

மறுநாள் காலை தெற்கே கிளம்பினோம். வண்டலூர் தாண்டியதும் ஜீப்பின் ரேடியேட்டர் பொங்கி, முன்னால் ஒன்றும் தெரியாமல் ஆவி மூடிவிட்டது. ரோட்டோரத்தில் இளநீர் குடித்தபடி நின்றோம். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே சைக்கிளில் போனவர்கூட இறங்கி வந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, ஒருவர் பக்கத்து வயல் மோட்டாரில் தண்ணீர் பிடித்தும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எந்த ஊரும்மா உனுக்கு?" என்றார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி உள்ளே போனதும் எங்களுக்காக வனத்துறை ரேஞ்சர் காத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர், சிரித்த முகம், கையில் எப்போதும் ஒரு டவல். இந்த மாதிரி நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரி காரியங்களைச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அங்கே நான் கண்ட காடு என் கண்ணுக்கு முதலில் காடாகவே படவில்லை. எனக்குக் காடு என்றால் வானத்தை மறைக்கும் மரம், அட்டை, மழை. இங்கே இடுப்பளவு முள்ளும் புதரும், நடுநடுவே பாறையும், அங்கங்கே சூரையும் களாவும். அதைக் காட்டி ரேஞ்சர் ஆங்கிலத்தில் சொன்னார்: இது சீரழிந்த காடு. இந்தப் புதரையெல்லாம் எடுத்துவிட்டுத் தைல மரம் வரிசையாக நடப் போகிறோம். சுற்றிலும் வேலி வரும். யார் உள்ளே போகலாம், எதை எடுக்கலாம் என்பதை மக்களின் கமிட்டியே முடிவு செய்யும். கமிட்டியில் இல்லாதவர்கள் கமிட்டியைக் கேட்டுத்தான் உள்ளே கால் வைக்க முடியும்.

முள் இருந்தால் சீரழிவாம்! அந்தப் புதருக்குள் கௌதாரிகள் கத்திக்கொண்டிருந்தன, ஒரு கீரி எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. தைல மரத் தோப்பை நான் ஈப்போ பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

காட்டின் ஓரத்தில் இருளர் குடியிருப்பு. பனையோலை போட்ட குடிசைகள், உள்ளே போகக் குனிய வேண்டும். வரும் வழியில் கவனித்தேன், கான்கிரீட் கம்பங்கள் குவித்துவைக்கப்பட்டிருந்தன. கமிட்டியே இன்னும் கூடவில்லை, அதற்குள் கம்பம் எப்படி வந்தது என்று கேட்டேன். "முன்னேற்பாடும்மா" என்றார் ரேஞ்சர் பெருமையாக.

அங்கே பேசியவள் செல்லி. என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. பகலில் அறுவடைக்கும் சூளைக்கும் கூலி வேலை, மற்ற நேரம் காடு. தேன், கிழங்கு, விறகு, மூலிகை, மழைக்குப் பிறகு ஈசல். வருடத்தில் வேலை இல்லாத மாதங்களில் அந்தக் காடுதான் அவர்களுக்குச் சோறு. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் நின்றுகொண்டாள்.

"கமிட்டிக்கு நாள் குறிச்சிட்டாங்களாமே? அன்னிக்கு மாசிப் பௌர்ணமி. எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இங்க இருக்க மாட்டோம். மாபலிபுரம் கடக்கரைக்குப் பூடுவோம்" என்றாள்.

"ஒரு நாலு பேர் மட்டும் மீட்டிங்குக்கு வாங்களேன்" என்றார் ரேஞ்சர்.

"அது எப்டி சார்? நாலு பேர் பேசிட்டு மத்தவங்க ஒத்துக்கறதுன்றது எங்களாண்ட கெடையாது. எங்க சனம் மொத்தமும் அன்னிக்கு அங்கதான் கீது. கண்ணாலம் பேசறது, சண்ட தீக்கறது, எல்லாம் அங்க வச்சிதான். நீங்களும் அங்க வந்துடுங்க. காட்டப் பத்தி அங்கியே ஒக்காந்து பேசுவோம். இந்தத் தொரையயும் இட்டுகினு வாங்க."

நான் ஒரு வார்த்தை விடாமல் லார்ஸுக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அற்புதம், எங்கே, எத்தனை மணிக்கு என்றார். ரேஞ்சர் வாய்விட்டுச் சிரித்தார். "பீச்சுல கமிட்டி மீட்டிங்கா? மைக்க எங்கம்மா மாட்றது, அலையிலயா?" என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். செல்லி சிரிக்கவில்லை. அழைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் மரியாதை என்று எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

புறப்படும் முன் குடிசைகளின் பின்னாலிருந்து புதருக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் எங்களை அழைத்துப் போனாள். ஒரு வேம்பின் அடியில் ஏழு செங்கல், மஞ்சள் பூசி வரிசையாக நட்டு வைத்திருந்தது. அவர்களுடைய கன்னிமார். கடற்கரையிலிருந்து திரும்பும்போது ஒரு குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இந்தக் கன்னிமாருக்கு ஊற்ற வேண்டும். ஊற்றின பிறகுதான் அந்தக் குடியிருப்பில் அடுப்பு எரியும். அதுவரை பிள்ளைகளுக்குக்கூடச் சுடுசோறு கிடையாதாம். வேலிக்கான குழிகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தக் கோடு குடிசைகளை வெளியேயும் கன்னிமாரை உள்ளேயும் விட்டுவிட்டுப் போனது.

அதற்கடுத்த நாள் ஜீப் பட்டறையில் கிடந்தது. காதரின் மச்சான் ஆட்டோவில் மாடம்பாக்கம் போனோம். ரேஞ்சர் வீடு அங்கேதான், எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அந்த ஆட்டோ சேலையூர் திருப்பத்தில் ஒரு மாட்டுக்கு வழிவிட்டுக் குப்பைமேட்டில் ஏறி இறங்கியதில் லார்ஸின் தலை கூரைக் கம்பியில் இடித்தது. "ஸாரி தொர, மாட்டுக்கு இன்சூரன்ஸ் இல்ல" என்றார் ஆட்டோக்காரர்.

ரேஞ்சரின் மனைவி வைத்த வத்தக்குழம்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பளம் பொரித்துப் பொரித்துப் போட்டார். தேதியை மாற்ற முடியுமா என்று சாப்பிடும்போதே கேட்டேன். லார்ஸ் கேட்கச் சொல்லியிருந்தார், சொல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன். ரேஞ்சர் வருத்தப்பட்டார். தாம்பரத்தில் கல்யாண மண்டபம் பிடித்தாயிற்று, தலைமைச் செயலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார், அரசாங்க காலண்டரில் அன்றைக்கு லீவும் இல்லை என்றார்.

சாப்பாடு முடிந்து கோயில் பிரசாதம் என்று தட்டில் விபூதியும் கல்கண்டும் நீட்டினார் அந்த அம்மா. ரேஞ்சர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆக்சுவலா மீட்டிங் போன வாரமே வைக்கறதா இருந்ததும்மா. அன்னிக்கு நம்ம கோயில்ல அபிஷேகம், கட்டளை நம்மளோடது. அதான் ஒரு வாரம் தள்ளிப் போட்டோம்."

கல்கண்டு என் வாயில் அப்படியே நின்றது. இவர் சாமிக்குத் தேதி தள்ளும், அவர்கள் சாமிக்குத் தள்ளாது. இதை அவர் மறைக்கக்கூட இல்லை, மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். லார்ஸுக்கு இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நெற்றியில் இடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டார். நாம் விருந்தாளிகள், உள்ளூர் நடைமுறையை மதிக்க வேண்டும் என்றார். அந்த வாக்கியத்தை நான் ஈப்போவிலும் கேட்டிருக்கிறேன். அஸ்லி மக்களின் குடிசைக்குப் பின்னால் மரம் அறுக்கும் சத்தம் கேட்டபோதும் ஒரு வெள்ளைக்காரர் இதையேதான் சொன்னார். எங்கள் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் வாழவில்லை. அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்காக வருகிறது.

பௌர்ணமியன்று கிழக்குத் தாம்பரம் மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம்தான், அவிழ்க்கவில்லை. மேடையில் பட்டு விரித்த நாற்காலிகள். கீழே முதல் இரண்டு வரிசைகளில் 'பழங்குடியினர்' என்று அட்டை ஒட்டியிருந்தது. அந்த நாற்காலிகள் காலி. அவற்றுக்குப் பின்னால் காட்டை ஒட்டிய கிராமத்துப் பெரிய மனிதர்கள் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இருந்தவர் செங்கல் சூளைக்காரர். சூளைக்கு விறகு வேண்டும், காட்டின் மேல் அவருக்கு அக்கறை வந்ததில் ஆச்சரியமில்லை.

பெரியவரின் கார் வந்துவிட்டது, போட்டோக்காரரும் வந்துவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து ரேஞ்சருக்கு வேர்த்தது. டவலால் துடைத்துக்கொண்டே காதரிடம் வந்தார். "காதர், கொஞ்சம் தொப்பியைக் கழட்டிட்டு இப்படி முன்னால வந்து ஒக்காரு."

காதர் கைகட்டி நின்றார். "சார், தொப்பி இல்லாம போனா என் பொண்டாட்டியே வூட்டுக்குள்ள வுட மாட்டா. நான் ஜீப்பாண்ட கீறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மண்டபத்தின் சமையல்கட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு வந்தார்கள். தலைமுடியிலும் கையிலும் சுண்ணாம்போடு, எதற்கு என்று தெரியாமல், இலை போடுவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்கள் பழங்குடியினர் வரிசையில் உட்கார்ந்தார்கள். கேமரா பளிச்சிட்டது. நான் கோர்ட்டில் பொய்ச்சாட்சி நிறையப் பார்த்திருக்கிறேன். பொய்ச்சாட்சி என்று தனக்கே தெரியாத சாட்சியை அன்றுதான் பார்த்தேன்.

லார்ஸ் பேச எழுந்தார். பாவம், எழுதி வைத்த பேச்சு. தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டைக் காத்து வந்த உங்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறோம் என்று ஆரம்பித்தார். சொல்லிவிட்டு, தமிழுக்காக என்னைப் பார்த்தார்.

கோர்ட்டில் கூண்டில் ஆள் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க மாட்டார், நீதிபதியிடம் சொல்வார். நான் மைக்கில் தமிழில் சொன்னேன்: "இவர் இப்போது சொன்னது இருளர் மக்களுக்கு. அவர்கள் யாரும் இங்கே இல்லை. இன்று அவர்கள் சாமி கும்பிடும் நாள். தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டோம், மாற்றவில்லை. இங்கே முன் வரிசையில் இருப்பவர்கள் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள்." அதையே ஆங்கிலத்திலும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் மைக் செத்தது. சுவர் ஓரம் நின்ற ரேஞ்சரின் ஆள் சுவிட்சிலிருந்து கையை எடுப்பதைப் பார்த்தேன்.

சொன்னதால் ஒன்றும் நடந்துவிடவில்லை. லார்ஸ் முகம் சிவந்து, தாள்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழைப்பு விடுத்தும் பழங்குடியினர் ஆர்வம் காட்டாதது வருத்தமளிக்கிறது என்றார் பெரியவர். ஆர்வமாம்! கைகள் உயர்ந்தன. சூளைக்காரர் கமிட்டித் தலைவர் ஆனார். சுண்ணாம்புக்காரர்களும் கை தூக்கினார்கள். பிறகு எல்லாருக்கும் இலை போட்டார்கள், பாயசம் நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

மத்தியானமே மகாபலிபுரம் கிளம்பினேன். லார்ஸ் தலைவலி என்று லாட்ஜுக்குப் போய்விட்டார். காதர் கேளம்பாக்கம் வழியாக ஜீப்பை விரட்டினார், திருப்போரூர் தாண்டி டயர் வெடித்தது. "ஸ்டெப்னியும் பஞ்சர் யக்கா, பேஜாரா பூச்சு. நீ பஸ்ஸுல ஏறு, நான் பின்னாலயே வரேன்" என்றார். வந்த பஸ்ஸில் ஏற இடமில்லை. நெருக்கிக்கொண்டு ஏறி, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து பார்த்தால் பாதிக்கு மேல் இருளர்கள். பாய், குடம், கோழி, மூட்டை, கைக்குழந்தை. "குடத்துக்கெல்லாம் எங்கம்மா எடம்?" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். என் மடியில் ஒருத்தி கேட்காமலே தன் குழந்தையை உட்காரவைத்தாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கடற்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் சேலைகள். குச்சி நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு கூடாரம். மணலைக் குவித்து அங்கங்கே கன்னியம்மனுக்குப் படி கட்டியிருந்தார்கள். பையன் வீட்டாரும் பெண் வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஏதோ பழைய சண்டைக்குப் பஞ்சாயத்து, பெண்களும் ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்தபின் ஒருவர். குறுக்கே பேசினவரை ஒரு கிழவர் அதட்டினார். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மக்கள் எங்கே, மக்கள் எங்கே என்று எல்லாத் திட்டக்காரர்களும் தேடுகிறார்களே, மொத்த மக்களும் ஒரே மணலில், பேசி முடிவெடுக்கவென்றே கூடியிருந்தார்கள். வருடத்தில் இந்த ஒரு நாளைத்தான் அவர்களை மண்டபத்துக்கு வரச் சொல்லக் குறித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இத்தனை கச்சிதமாக வந்திருக்காது.

செல்லி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "வந்துட்டியா! வா வா" என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தொர எங்க? ஆப்பீஸர்லாம் பின்னால வராங்களா?"

அவர்களுக்காக ஒரு பாயை விரித்து வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் தங்கள் வட்டத்தில் உட்காரவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்போ எங்க நாற்காலில யாரு ஒக்காந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"சுண்ணாம்பு அடிக்கிறவங்க."

மொத்த வட்டமும் சிரித்தது. அடுத்த கூடாரக்காரர்கள் என்னவென்று கேட்க, அவர்களுக்கும் சொல்லப்பட்டு அங்கேயும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லிக்கும் வரவில்லை.

"சூளைக்காரரா தலைவரு?" என்றாள்.

"ஆமாம்."

"அவரு வெறகுக்கு உள்ள போவலாம். நாங்க சாமிக்குப் போவ அவராண்ட கேக்கணும்."

நிலா எழும்பிக்கொண்டிருந்தது. சிவப்பாக, பெரிதாக. எல்லாரும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். காதர் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். செல்லி கொடுத்த மீன் குழம்புச் சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அந்தக் குழம்பில் மணலும் இருந்தது. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த சாப்பாடு அதுதான்.

மறுநாள் சாயங்காலம் விமானம். போகிற வழியில் இல்லை என்றாலும் அந்தக் காட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று லார்ஸ்தான் சொன்னார். ரேஞ்சரும் அங்கே இருந்தார், முந்தின நாள் எதுவுமே நடக்காதது போல எனக்கு வணக்கம் சொன்னார். வேலி வேலை ஆரம்பித்துவிட்டது. அரசாங்க வேலை இத்தனை வேகமாக நடந்து நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. குடிசைகளுக்குப் பின்னால் கம்பங்கள் நட்டு, முதல் இரண்டு வரிசை முள்கம்பி இழுத்துக் கட்டியாயிற்று. அந்த ஒற்றையடிப் பாதை கம்பிக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போனது.

நாங்கள் நின்றிருக்கும்போதே பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் வந்தார்கள். மணல் ஒட்டிய பாய்கள், தூங்கி வழியும் குழந்தைகள். முன்னால் செல்லி, இடுப்பில் கடல் தண்ணீர்க் குடம். வேலியைப் பார்த்து நின்றாள்.

"உள்ள போவணும்" என்றாள் வேலியோரம் நின்ற காவலாளியிடம்.

"கமிட்டித் தலைவராண்ட கேட்டுகினு வா" என்றார் அவர். "எனக்கு அப்டித்தான் ஆர்டர்."

"புள்ளைங்க காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல. தண்ணி ஊத்திட்டு வந்துடறோம்."

"நான் இன்னா பண்ணட்டும்?"

என்ன நடக்கிறது என்று லார்ஸ் கேட்டார். சொன்னேன். அவர் ரேஞ்சரைப் பார்த்தார், ரேஞ்சர் டவலை மடித்துக்கொண்டிருந்தார். செல்லி என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இந்தத் தொரைய ஒண்ணு கேளு. அவரு ஊர்ல காட்டுக்குள்ள போவணும்னா யாராண்ட கேட்டுகினு போவாரு?"

ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் நாள் பாய் கடையில் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது. அவர் கழுத்திலிருந்து முகத்துக்குச் சிவப்பு ஏறியது. உள்ளூர் நடைமுறை என்று இப்போதும் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"யாரையும் கேட்பதில்லை" என்றார்.

"அவர் ஊரில் யாரையும் கேட்பதில்லையாம்" என்றேன் செல்லியிடம்.

அவள் தலையை ஆட்டினாள். குடத்தை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள். "அப்போ இந்தக் கம்பியக் கொஞ்சம் தூக்கிப் புடிக்கச் சொல்லு."

அதையும் சொன்னேன். லார்ஸ் வேலியருகே போனார். சப்பாத்துக் காலால் கீழ்க் கம்பியை மிதித்து, கைக்குட்டையைச் சுற்றி மேல் கம்பியைத் தூக்கினார். செல்லி குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அந்தப் பக்கம் போனாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டார், பிறகு அடுத்த வீட்டார், பாட்டிகள், கைக்குழந்தையோடு பெண்கள். ஒவ்வொருவராகக் குனிந்து நுழைய, அந்த நெட்டை மனிதர் கம்பியைப் பிடித்தபடி வளைந்து நின்றார். காவலாளி வேறு பக்கம் பார்த்தார்.

இதனால் காடு அவர்களுக்குத் திரும்பிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு இன்னும் இரண்டு வரிசைக் கம்பி ஏறும், அப்போது பிடிக்க ஆள் இருக்காது. அடுத்த வருடம் தைலமரம் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். திட்டத்தின் அறிக்கையில் சுண்ணாம்புக்காரர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வரிசை இன்னும் முடியவில்லை. ரேஞ்சர் என் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "மேடம், ஃப்ளைட்டுக்கு லேட் ஆகுது, போதும் வாங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.